வாசற்படி வரைக்கும் வந்த காலிபர்

கீரப்பாளையம் கடைவீதியில் தனம் வருவது கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழுந்துவிடும். வலது காலை இடுப்புக்குக் கீழிருந்து பாதம் வரை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்புக் காலிபர், அதன் அடியில் சேர்த்துத் தைத்த கனத்த கறுப்பு ஷூ. இரண்டும் தார் ரோட்டில் தாளம் போட்டுக்கொண்டு வரும். "டெய்லர் அக்கா வந்தாச்சு, ரவிக்கைத் துணிய எடுத்தா" என்று பூக்கடைக்காரி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்.

இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அந்தக் காலைக் கொண்டுபோய்விட்டது. ஒன்பது வயதில் சிதம்பரத்தில் நடந்த முகாமில் முதல் காலிபர் கிடைத்தது. அதை மாட்டி நிமிர்த்தியபோது அப்பாவின் சட்டைப் பொத்தான் தன் கண்ணுக்கு நேராக இருப்பதைப் பார்த்து அவள் சிரித்தாள். அதுவரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் வேட்டிக் கரைதான். அன்றைக்கு நிமிர்ந்த பெண், அதற்குப் பிறகு வெளியாள் ஒருவர் கண்ணிலும் தரையில் தவழ்கிறவளாகப் படவில்லை. பத்தாவது படித்தாள், தையல் கற்றாள், சொந்தமாகக் கடை போட்டாள், லோடு வண்டி ஓட்டும் மணிவண்ணனைக் கைப்பிடித்தாள், மகள் கயல்விழியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். எல்லாம் நின்றுகொண்டுதான்.

ஆனால் அந்த நிமிர்வெல்லாம் வாசற்படி வரைக்கும்தான்.

நம் வீடுகளில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம். காலிபரில் ஷூ சேர்ந்தே இருக்கிறது. அதனால் தனம் தினமும் படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தோல்வாராகக் கழற்றி, காலிபரைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைப்பாள். அதற்குப் பிறகு கையை ஊன்றி, காலை இழுத்து, தரையோடு தரையாகத்தான் சமையலறைக்குப் போவாள். அடுப்பே தரையில்தான் இருந்தது.

"அப்படியே போட்டுக்கிட்டு உள்ள வாயேன். யாரு கேக்கப் போறா?" என்று மணிவண்ணன் புதிதில் சொல்லிப் பார்த்தான்.

"நடுத்தெரு சாணிய மிதிச்ச ஷூவோட வௌக்கு எரியற எடத்துக்கு வரச் சொல்றீங்களா மாமா? போங்க, வேலயப் பாருங்க."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டுக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக அது கதவுக்குப் பின்னாலேயே இருந்தது.

போன வருஷம் அவளுக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு எந்தெந்தக் கருவிகளை வாங்கிக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்வதற்கு ஓர் ஆலோசனைக் குழு அமைக்கிறார்களாம். கருவிகளைப் பயன்படுத்துகிறவர்கள் சார்பில் தனமும் ஓர் உறுப்பினர். மணிவண்ணன் சிதம்பரத்துக்குப் போய் அந்தக் கடிதத்தை லேமினேஷன் செய்துகொண்டு வந்தான். வருகிற வழியில் மூன்று டீக்கடையில் நிறுத்தி எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் வந்தான்.

"மெம்பர் அம்மா, சோறு போடுவீங்களா, இல்ல அதுக்கும் மனு குடுக்கணுமா?"

"குடுங்க. அடுத்த கூட்டத்துல வச்சு முடிவு பண்றோம்."

முதல் கூட்டத்தில் ஒரு கட்டு விண்ணப்பத்தாள்களைக் கொடுத்து, அவரவர் ஊரில் கணக்கெடுத்து வரச் சொன்னார்கள். தனம் பக்கத்துச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் நாற்பத்திரண்டு வீடுகளுக்குப் போனாள். "காலிபரை வீட்டில் பயன்படுத்துகிறீர்களா?" என்பது கேள்வி. எல்லோரும் இல்லை என்றார்கள். "ஏன்?" என்ற அடுத்த கேள்விக்கு நான்கு கட்டங்கள் இருந்தன. வலிக்கிறது, கனமாக இருக்கிறது, உடைந்துவிட்டது, தேவையில்லை.

எந்த வீட்டிலும் காலிபர் உடைந்திருக்கவில்லை. அவள் வீட்டைப் போலவே எல்லா வீட்டிலும் அது கதவுக்குப் பின்னால் நின்றது. கேள்வியைக் கேட்டதும் ஒவ்வொருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "தேவயில்லன்னு போட்டுக்கோக்கா" என்றார்கள். தனத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தானும் தலையைக் குனிந்துகொண்டு டிக் அடித்தாள். கடைசியில் தன்னுடைய தாளிலும் அதே கட்டத்தில் அடித்தாள். மானத்தைக் காப்பாற்ற அந்தச் சின்னக் கட்டம் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது கூட்டம் கடலூரில் நடந்தது. மணிவண்ணன் லோடு வண்டியின் முன் சீட்டில் அவளை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போய், வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டான். நீளமான மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர் இருந்தார்கள். தலைவர் எலும்பு டாக்டர் இளவரசு. கணக்கெடுப்பைத் தொகுத்த அதிகாரி ஸ்ரீதர் எழுந்து திரையைக் காட்டிப் படித்தார்.

"காலிபர் வாங்கினவங்கள்ல எழுபத்தோரு சதவீதம் பேர் தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க. வீணா செஞ்சு குடுத்து மூலையில கிடக்கறதுக்கு, வர்ற வருஷம் காலிபரையே பட்டியல்லேருந்து எடுத்துடலாம். அதுக்குப் பதிலா பேட்டரி சக்கர நாற்காலி. டீ முடிஞ்சதும் தீர்மானத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டுடலாம்."

தனத்துக்கு வாய்க்கால் தெருச் சந்தில் இருக்கும் இலக்கியாவின் முகம் கண்முன் வந்தது. முதுகுத்தண்டுக் கோளாறோடு பிறந்த பத்து வயதுக் குழந்தை. போன மாதம்தான் முதல் காலிபருக்கு அளவு கொடுத்திருந்தாள். "ஒங்கள மாரியே டக்கு டக்குன்னு நடப்பேனா அத்த?" என்று கேட்டிருந்தாள். ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற அந்தச் சந்துக்குள் எந்தச் சக்கர நாற்காலி போகும்? குழந்தையின் காலைப் பறித்தது வேறு யாரும் இல்லை. தன் கையில் இருந்த பேனாதான்.

டீ வந்தது, போண்டா வந்தது. பக்கத்து நாற்காலியில் குறிஞ்சிப்பாடித் தமிழாசிரியர் வைத்திலிங்கம் இருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.

"என்னா தனம்மா, போண்டா ஆறுது. கடிச்ச சத்தத்தையே காணோம்?"

"பசிக்கல சார்."

"பொய். காலையிலேருந்து காலிபரை ஆட்டிக்கிட்டே இருந்தீங்க. அந்தக் கணக்கப் படிச்சதும் ஆட்டம் நின்னுபோச்சு."

அவளால் அடக்க முடியவில்லை. "அதுல நாப்பத்தி மூணு டிக்கு நான் போட்டது சார். அத்தனையும் பொய்" என்று சொல்லி, கதவுக்குப் பின்னால் இருந்த கதையையும் சொல்லிவிட்டாள்.

வைத்திலிங்கம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "போன கூட்டத்துல எனக்கு ஒரு குச்சி குடுத்தாங்களே, எதுனா குறுக்க வந்தா கத்தற குச்சி. மரியாதைக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். எங்க தெருவுல கோழி போனா கத்துது, ஆடு போனா கத்துது. என் சம்சாரம் குறுக்க வந்தா ஜாஸ்தியா கத்துது. இப்ப அதையே எல்லாருக்கும் வாங்கறாங்க. நம்ம மரியாதையால கெட்டது போதும். நீங்களாச்சும் வாயத் தொறங்க" என்றார்.

தீர்மானத் தாள் மேஜையைச் சுற்றி வந்தது. ஆறு கையெழுத்து விழுந்தாகிவிட்டது. தனத்தின் முன்னால் வந்து நின்றது.

"டாக்டர் சார், நான் ஒன்னு சொல்லணும். எங்க ஊரு கணக்கு தப்பு. தேவயில்லன்னு போட்டதெல்லாம் நெசமில்ல."

ஸ்ரீதர் நிமிர்ந்தார். "நீங்களே எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது மேடம். உங்க ஃபாரத்துலயும் தேவையில்லைன்னுதான் இருக்கு. ஆனா இப்பவும் காலிபரோடதான் வந்திருக்கீங்க. எதை நம்பறது?"

யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "ஏன் அப்படி எழுதினீங்கம்மா?" என்று மட்டும் கேட்டார்.

தனம் பேச வாயெடுத்தாள். முப்பத்தொன்பது வருஷமாகக் கட்டிக் காத்த நிமிர்வு அது. வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் காட்டாத கோலம் அதற்குப் பின்னால் இருந்தது. அதை இத்தனை பேர் முன்னால் அவிழ்த்து வைப்பதா? பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பேனாவைக் கையில் எடுத்தாள். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி மறுபடி காதில் விழுந்தது.

பேனாவைக் கீழே வைத்தாள்.

குனிந்து, தொடை வாரைக் கழற்றினாள். முட்டி வாரைக் கழற்றினாள். ஷூவிலிருந்து காலை உருவினாள். சாலை மண் ஒட்டிய காலிபரைத் தூக்கித் தீர்மானத் தாளின் மேல் வைத்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியிலிருந்து தரையில் இறங்கினாள். கையை ஊன்றி, காலை இழுத்து, கையை ஊன்றி, காலை இழுத்து, பளபளக்கும் அந்த டைல்ஸ் தரையில் மேஜையைச் சுற்றிக்கொண்டு டாக்டரின் நாற்காலி வரைக்கும் போனாள்.

"வாசலுக்கு உள்ள நான் இதுதான் சார். நான் மட்டுமில்ல, அந்த நாப்பத்தி ரெண்டு பேரும் இப்படித்தான். தெருவுல நடக்கறோம், வீட்ல தவழறோம். ஷூவோட சமையக்கட்டுக்குப் போவ மனசு வருமா? இத எப்படி எழுதறது? நீங்க போட்ட நாலு கட்டத்துல இதுக்குக் கட்டம் எங்க இருக்கு?"

டாக்டர் இளவரசு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மேலே உட்கார்ந்து கீழே பார்த்துப் பேச அவருக்கு மனம் வரவில்லை போலும். வேட்டி கட்டிய மனிதர் போலச் சம்மணமிட்டு, பேண்ட்டோடு அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்தாறு வருஷமா காலிபர் எழுதிக் குடுக்கறேம்மா. என் ரூமுக்குள்ள எல்லாரும் ஷூவோட நடந்து காட்டிட்டுத்தான் போனாங்க. வீட்டுக்குள்ள எப்படின்னு நான் ஒருத்தரைக்கூடக் கேட்டதில்ல."

"நடராஜர் கோயிலுக்கு வருவீங்களா சார்?"

"வருஷா வருஷம் வருவேன்."

"நீங்க செருப்பு விடற எடத்துல எங்கள்ல பல பேரு காலையே கழட்டி வச்சிட்டுப் போறாங்க. அடுத்த தடவ கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்ரீதர் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குன்னு தனியா இன்னொரு காலிபர் வச்சிக்க முடியாதா மேடம்?" என்று கேட்டார். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை.

"ஒன்னு வாங்கவே வருஷக் கணக்கா காத்திருக்கறோம் சார். இன்னொன்னு எதுக்கு? இரும்பு அப்படியே இருக்கட்டும். அடி மட்டும் கழண்டு வரணும். தெருவுக்கு ஒரு ஷூ, வீட்டுக்கு ஒரு சுத்தமான அடி. படியில ஒக்காந்து மாத்திக்கிட்டு எழுந்து உள்ள போயிடுவோம்."

டாக்டர் எழுந்து காலிபரைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பி அதன் அடியைப் பார்த்தார். ஷூவும் இரும்பும் சேருகிற இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "செய்யலாம். தாராளமா செய்யலாம்" என்றார். ஆறு கையெழுத்து விழுந்த தாளை அவரே எடுத்து இரண்டாகக் கிழித்தார். புதிதாக எழுதச் சொன்னார்: காலிபர் பட்டியலில் இருக்கும். அடிப்பாகம் கழற்றி மாட்டும்படி முதலில் கொஞ்சம் செய்து, வீட்டுக்குள் நடந்து பார்த்து, உறுப்பினர் தனம் சரி என்ற பிறகுதான் மற்றவை. கணக்கெடுப்பு மறுபடியும் நடக்கும்.

ஸ்ரீதர் மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். "மேடம், அந்த 'ஏன்' கேள்விக்கு இப்ப என்ன கட்டம் போடறது?"

"கட்டமே வேணாம் சார். கோடு போட்டு எடம் விடுங்க. அவுங்களே சொல்லுவாங்க."

அவள் காலிபரை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, வைத்திலிங்கம் முன்னாலேயே போய் மணிவண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எல்லார் முன்னாடியுமா தனம்?"

"எல்லார் முன்னாடியும்தான்."

அவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "இந்தக் கடலூர்ல எப்பவும் ஒரே தூசி" என்றான். வண்டி வடலூர் வந்தது. அங்கே டீக்கடையில் வண்டியை நிறுத்தினான். முன்பின் தெரியாத டீக்கடைக்காரரிடம், "எங்க வீட்டம்மா. கவர்மெண்டு தீர்மானத்தையே கிழிக்க வச்சிட்டு வர்றாங்க. டீ ஸ்ட்ராங்கா போடுங்க" என்றான்.

தை மாதக் கடைசியில் முதல் பன்னிரண்டு காலிபர்கள் வந்தன. அதில் மிகச் சின்னது இலக்கியாவுடையது. முதல் நாள் அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக ஒன்பது முறை நடந்தாள். அவள் அம்மா ஒவ்வொரு முறையும் அழுதாள். தனம் தன் தாளில் கோடு போட்ட இடத்தில், "சரியாக இருக்கிறது, வார் மட்டும் இன்னும் மிருதுவாக இருக்கலாம்" என்று எழுதிக்கொண்டாள்.

அன்று மாலை தன் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். தெரு ஷூவைக் கழற்றி, வெள்ளையாக இருந்த வீட்டு அடியை மாட்டினாள். முட்டி மடங்காமல் பிடிக்கும் பூட்டைத் தட்டிவிட்டு எழுந்தாள். மணிவண்ணன் கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை. விளக்கைக் கடந்து, கூடத்தைக் கடந்து, தன் சமையலறைக்குள் முதன்முதலாக நின்றபடி நுழைந்தாள். கேஸ் அடுப்பு கீழே, தன் காலடியில் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அண்ணாந்து பார்த்த மேல் தட்டு இப்போது அவள் மூக்குக்கு நேராக இருந்தது. தூசியைத் துடைக்கக் கையை விட்டாள். பழைய டப்பாவுக்குப் பின்னால் ஏதோ தட்டுப்பட்டது.

"மாமா, இது என்னா?"

மணிவண்ணன் திருதிருவென்று முழித்தான். அவள் கையில் ஒரு பீடிக்கட்டு.

"கயல்விழி பொறந்த அன்னிக்கே விட்டுட்டேன்னு பொண்ணு மேல சத்தியம் பண்ணீங்களே?"

"நீ எழுந்து நிப்பேன்னு யாரு கண்டா?" என்றான் மணிவண்ணன்.