மாவுப் பாம்பும் மூன்று ஊர்களும்

அந்தப் பாம்புக்கு மொத்தம் முப்பத்திரண்டு பல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செதுக்கி, மெருகு போட்டு, ஈறுக்கு இளஞ்சிவப்பும் பூசியிருந்தது. பாம்புக்கு எதற்கு முப்பத்திரண்டு பல் என்று கேட்டால் பல்லக்காவிடம் பதில் கிடையாது. பல் செட் செய்யும் லேபில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறவள் அவள். அவள் கைக்கு வேறு விதமாகப் பல் செய்ய வராது. அச்சு எடுத்தது போக மிஞ்சும் வெள்ளை மாவில்தான் அவளுடைய அரக்கர்களும் பூதங்களும் பிறப்பார்கள். எல்லோருக்கும் பல் மட்டும் சினிமாக்காரர் மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்குப் பாம்பைக் கூடத்து மேஜையின் நடுவில் வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றாள். "கடவுளே, இது இன்னைக்கு ஒரு அரை மணி நேரமாவது உயிரோட இருக்கணும்" என்று வேண்டிக்கொண்டாள். மாவுப் பாம்புக்காகப் பிரார்த்தனை செய்வது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியாது. அவள் உண்மையில் யாருக்காக வேண்டினாள் என்பது மேலே இருப்பவனுக்குத் தெரியாமலா போகும்?

ஞாயிறுதோறும் அந்தக் கூடத்தில் நடப்பது, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டம். ஒருவர் கதையை நடத்திக்கொண்டு போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். "குகைக்குள்ள பாம்பு இருக்கு, என்ன பண்றீங்க?" என்றால் ஒருவர் வெட்டுகிறேன் என்பார், இன்னொருவர் ஓடுகிறேன் என்பார். நினைத்தது பலித்ததா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். ஆட ஆட வேஷத்துக்கு லெவல் ஏறும். கதை நடத்துவது பல்லக்கா. ஆடுவது மூன்று பேர். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் கொழுந்தன் மந்திரவாதி. பக்கத்து வீட்டு நர்ஸ் நோய் தீர்க்கும் துறவி. பல்லக்காவின் சொந்த அண்ணன் வாள் பிடித்த வீரன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், முதல் லெவலில், இரண்டு பெருச்சாளி வந்ததற்கே மூவரும் அலறினார்கள். நர்ஸ் நாற்காலி மேல் ஏறிவிட்டாள். இப்போது பதினெட்டாவது லெவல். மந்திரவாதி நினைத்தால் காலத்தையே நிறுத்துவான். துறவி செத்தவரை எழுப்புவாள். வீரன் ஒரே வீச்சில் யானையைச் சாய்ப்பான். யாரும் இனாமாக வாங்கியதில்லை, பாடுபட்டு ஏறியதுதான். ஆனால் ஏறி வந்து பார்த்தால் பயப்படுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வாரம் முழுக்க மூளையைக் கசக்கிப் பல்லக்கா ஓர் அரக்கனைக் கொண்டுவந்தால், கொழுந்தன் அவனை ஒரே மந்திரத்தில் ஆட்டுக்குட்டியாக்கிவிட்டுத் தேநீர் கேட்பான். தொடர்ந்து மூன்று ஞாயிறு அப்படியே போயிற்று.

போன வாரம் கிளம்பும்போது நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. எனக்கு இருக்கறது வாரத்துக்கு ஒரு லீவு. அடுத்த வாரமும் பத்து நிமிஷத்துல முடிஞ்சிட்டா, நான் தூங்கிக்கறேன்."

"நானும் அதான் சொல்றேன்" என்றான் கொழுந்தன். "ராஜாவா இருக்கும்போதே கடையைச் சாத்திடணும் அண்ணி."

அண்ணன் எதுவும் சொல்லவில்லை. அவர் எதுவும் சொல்லி நாலு வருஷம் ஆகிறது.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு நாள் சங்கிலி அறுந்து சுமை விழுந்தது. கீழே நின்ற ஒருவருக்குக் கால் போயிற்று. அண்ணன் மேல் தப்பில்லை என்று விசாரணை முடிந்து எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்தவர், தன்னையும் அதோடு சேர்த்துப் பூட்டிக்கொண்டார். வேலைக்குப் போகவில்லை. நல்லது கெட்டதுக்குத் தலைகாட்டவில்லை. வாரத்தில் ஒரே ஒரு முறை, ஞாயிறு மூன்று மணிக்கு, செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தாண்டித் தங்கை வீட்டுக்கு வருவார்.

திங்கட்கிழமை காலையே அண்ணனின் மனைவி போன் செய்திருந்தாள். "ஏம்மா, ஆட்டத்தை நிறுத்தப் போறீங்களாமே? நீங்க பாட்டுக்கு நிறுத்திடுவீங்க. அப்புறம் இந்த மனுஷன் எதுக்குச் சட்டை மாட்டுவாரு?"

அதனால்தான் பல்லக்கா ஒரு தந்திரம் யோசித்து வைத்திருந்தாள். லேபில் யாரோ ஒருவருடைய கீழ்த்தாடைக்கு மெழுகு வார்க்கும்போது உதித்தது அது.

மூன்று மணிக்கு எல்லோரும் வந்தார்கள். கொழுந்தன் பாம்பின் வாயைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணி, இது கடிக்க வந்திருக்கா, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வந்திருக்கா?"

"உட்காருடா. உன் வாய்க்கு அது தேவலை."

நர்ஸ் சிரித்தாள், ஆனால் கடிகாரத்தையும் பார்த்தாள். அண்ணன் தன் வீரனுடைய விவரம் எழுதிய காகிதத்தைப் பிரித்து, மடிப்பை நீவிவிட்டு உட்கார்ந்தார்.

கதை தொடங்கியது. மலைக் குகை. உள்ளே வழியை அடைத்துக்கொண்டு ஒரு மகாசர்ப்பம். கொழுந்தன் சோம்பல் முறித்தான். "காலத்தை நிறுத்தறேன். தீ விடறேன். தேநீர் வெக்கறீங்களா அண்ணி?"

"வேலை செய்யாது" என்றாள் பல்லக்கா.

"என்னது?"

"இந்தக் குகைக்குள்ள எந்த மந்திரமும் பலிக்காது. உன்னுதும் பலிக்காது, நர்ஸுதும் பலிக்காது. அண்ணனோட வாளும் இங்க வெறும் இரும்பு."

கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்போ ஆறு வருஷமா நாங்க எதுக்கு ஏறினோம்?" கொழுந்தனின் குரலில் கேலி போய்விட்டது. "மூணாவது லெவல்ல என் ஆளு ஒரு கண்ணைக் குடுத்து வாங்கின மந்திரம் அண்ணி அது. ஒத்த வார்த்தையில இல்லன்னா எப்படி?"

"எனக்கு உயிர் குடுக்கற வரம் கிடைக்க ரெண்டு வருஷம் ஆச்சுக்கா" என்றாள் நர்ஸ். "ஜெயிக்க முடியலன்னா சரி. கையைக் கட்டிப்போட்டு அடிச்சா அது என்ன சண்டை?"

கொழுந்தன் பகடையைப் பைக்குள் போட்டு எழுந்தான். பல்லக்காவின் கண் அண்ணனிடம் போயிற்று. அவர் தன் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார்.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டவளே அவள்தான். கதை நடத்துகிறவர் வாயிலிருந்து வந்தது வந்ததுதான், திரும்ப எடுக்கக் கூடாது. ஆறு வருஷத்தில் ஒரு முறைகூட மீறியதில்லை. ஒரு தடவை வாய் தவறிக் கொழுந்தனின் குதிரையைக் கொன்றுவிட்டு, அவன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாதபோதும் மாற்றவில்லை.

"நான் செஞ்சது தப்பு" என்றாள் பல்லக்கா. "உட்காருங்க. நீங்க ஜெயிச்சிடுவீங்களேன்னு எனக்குப் பயம். என் பயத்துக்கு உங்க கையைக் கட்டிட்டேன். சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். எல்லா மந்திரமும் பலிக்கும். வாளும் வாள்தான்."

"சட்டம்?" என்றான் கொழுந்தன், நின்றபடியே.

"சட்டத்தை நான்தானே போட்டேன். இன்னைக்கு ஒரு நாள் மானத்தை விட்டுக் கேக்கறேன். உட்காருடா."

அவன் உட்கார்ந்தான். பகடை வெளியே வந்தது. காலம் நின்றது, தீ பாய்ந்தது, அண்ணன் பேசாமல் பகடையை உருட்டினார், பாம்பு செத்தது. ஆக மொத்தம் நாலு நிமிஷம். நர்ஸ் பெருமூச்சு விட்டுக் கைப்பையைத் தேடினாள்.

பல்லக்காவிடம் இதற்கு மேல் எழுதி வைத்தது ஒன்றுமில்லை. செத்துக் கிடக்கும் பாம்பைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய உடம்பு இத்தனை காலம் இங்கே ஏன் கிடந்தது? நகராமல் வழியை அடைத்துக்கொண்டு? வாய் தானாகவே பேசியது.

"பாம்பு சரியுது. அது படுத்திருந்த இடத்துல மலை விரிசல் விட்டிருக்கு. அந்தப் பக்கம் ஒரு ஏரி. இவ்வளவு நாளும் பாம்போட உடம்புதான் கரையா இருந்திருக்கு. தண்ணி வருது."

நர்ஸின் கை பையிலேயே நின்றது.

"கீழே மூணு ஊரு" என்றாள் பல்லக்கா. "மூணும் மூணு திசை. இருக்கறது அரை மணி நேரம். யார் எங்க போறீங்க?"

"தண்ணியை உறைய வெக்கறேன்!"

"வை. ஒரு பள்ளத்தாக்குதான் உறையும். எந்த ஊரு?"

அப்போதுதான் அவர்களுக்குள் சண்டை வந்தது. நடு ஊரில் ஆள் அதிகம் என்றாள் நர்ஸ். கிழக்கு ஊரில் தண்ணீர் முதலில் போகும் என்றான் கொழுந்தன். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் பெருச்சாளியிடம் கத்திய அதே தொண்டை. கடைசியில் மந்திரவாதி கிழக்கே போனான், துறவி நடு ஊருக்கு ஓடினாள். மிச்சம் இருந்தது மேற்கே பள்ளத்தில் ஒரு சின்ன ஊர். மிச்சம் இருந்த ஆள் அண்ணன். அவருக்கு மந்திரம் கிடையாது.

அண்ணன் காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தார். பிரிக்கவில்லை.

"மேலே ஏற வழி இருக்கா, பாப்பா?"

அவர் குரலைக் கேட்டுக் கொழுந்தன் திரும்பினான்.

"செங்குத்துப் பாறைண்ணா. கல் ஏத்தற தொட்டி ஒண்ணு கயித்துல தொங்குது. மேலே ராட்டினம்."

"கயிறு எவ்வளவு தடிமன்?"

"கை மணிக்கட்டு அளவு."

"புதுசா, பழசா?"

"பழசு."

"எத்தனை பேர்?"

"நாப்பது."

"தடவைக்கு ஆறு பேர்தான் ஏத்துவேன். ஏழு தடவை." அவர் பகடையைக் கையில் எடுத்தார். "எவ்வளவு விழணும்?"

"ஒவ்வொரு தடவையும் உருட்டணும். நாலும் அதுக்கு மேலேயும் விழுந்தா தொட்டி மேலே போயிடும்."

பதினொன்று. பதினேழு. ஒன்பது. பதினெட்டுப் பேர் மேலே போனார்கள். நாலாவது தடவை பகடை மேஜை விளிம்பு வரை ஓடி, தயங்கி நின்றது.

மூன்று.

அண்ணனை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் என்பது பல்லக்காவுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. தொட்டி, கயிறு, கீழே ஆட்கள். ஐயோ கடவுளே, இதை நான் யோசிக்கவே இல்லையே. கயிறு ஆடியது, ஆனால் தாங்கிவிட்டது என்று சொல்லிவிடலாம். கதை நடத்துகிறவளுக்கு அந்த உரிமை உண்டு. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அண்ணன் மட்டும் பகடையையும் பார்ப்பார், அவளையும் பார்ப்பார். பிறகு காகிதத்தை மடிப்பார். அவருக்குப் பரிதாபம் காட்டத்தான் ஊரே இருக்கிறதே.

"கயிறு அறுந்துடுச்சு" என்றாள். "நாலு பேர் பாறையைப் பிடிச்சுத் தொங்கறாங்க. ரெண்டு பேர் விழுந்துட்டாங்க."

"காலத்தை நிறுத்தறேன்!" கொழுந்தன் பாதி எழுந்துவிட்டான்.

"நீ கிழக்கே இருக்கே. உனக்கு இது தெரியவே தெரியாது."

அண்ணன் மேஜை விளிம்பைப் பிடித்தபடி பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு புடைத்திருந்தது. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றார். போகப் போகிறார், இனி வரவே மாட்டார் என்று பல்லக்கா நினைத்தாள்.

"வேற கயிறு இருக்கா?" என்றார் அண்ணன்.

"அண்ணா..."

"கேக்கறேன்ல. தொங்கறவங்க கை எவ்வளவு நேரம் தாங்கும்? வேற கயிறு இருக்கா இல்லையா?"

"இருக்கு. ஒரு வீட்டுக் கொல்லையில."

"எடுத்துக்கிட்டு ஓடி வரேன். இனிமே தடவைக்கு நாலு பேர்."

நின்றுகொண்டேதான் உருட்டினார். தொங்கிய நாலு பேர் முதலில் மேலே போனார்கள். அப்புறம் ஒவ்வொரு நாலு பேராக. நெற்றி வியர்வை சொட்டி மடித்த காகிதம் நனைந்தது. ஒரு தடவை ஐந்து விழுந்தபோது நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசித் தொட்டி மேலே போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் வந்தது. முப்பத்தெட்டுப் பேர் பாறை மேலே நின்று தங்கள் வீடுகள் முழுகுவதைப் பார்த்தார்கள். விழுந்து செத்த இருவரையும் அண்ணனின் வீரன் தோளில் தூக்கிக்கொண்டு கடைசியாக ஏறினான்.

மற்ற இரண்டு ஊர்களும் தப்பித்தன. மூவரும் பாறை மேலே சந்தித்தார்கள்.

"நான் எழுப்பறேண்ணா" என்றாள் நர்ஸ் அவசரமாக. பிறகு தன் காகிதத்தைப் பார்த்தவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தரைத்தான் முடியும். அடுத்த தடவை எழுப்ப ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள இன்னொருத்தர் உடம்பு தாங்காது." நிமிர்ந்து பார்த்தாள். "யாரை எழுப்பட்டும்?"

"அதை நாம சொல்லக் கூடாதும்மா" என்றார் அண்ணன். "ரெண்டு வீட்டுக்கும் போகணும். நடந்ததைச் சொல்லணும். அப்புறம் கேக்கணும்."

"நான் பறந்து போய் ரெண்டு வீட்டு ஆளுங்களையும் இங்கேயே கூட்டிட்டு வரேன் மச்சான். ஒரு நிமிஷ வேலை."

"வேணாம்ப்பா. கயித்தைப் பிடிச்சவன் நான். நான் நடந்தே போறேன்."

பல்லக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியலண்ணா. நான் யோசிக்கணும்."

"யோசி. எனக்காகச் சுலபமா ஆக்கிடாதே."

"ஆக்க மாட்டேன்."

அண்ணன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். கதவைப் பிடித்தபடி நின்று, ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி தரையைப் பார்த்தார்.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் அங்கேயே கிடப்பாங்களே, பாப்பா" என்றார். "புதன்கிழமை சாயங்காலம் உங்களுக்கெல்லாம் தோதுப்படுமா?"

நர்ஸ் கைப்பையைத் திறந்து டூட்டி அட்டவணையை வெளியே எடுத்தாள்.