வெளியே நிற்பவர்களிடம் என்ன சொல்வது

2007இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்த செவிலியராக இருந்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். நோயாளிகளின் சொந்தக்காரர்களோடு அடிக்கடி தகராறு வந்ததால், அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று இளம் செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காலி அறையில் நாடகம் மாதிரி நடத்துவேன். ஒருத்தி செவிலியர், இன்னொருத்தி நோயாளியின் மனைவி. முதல் நாள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. வேலையில் கெட்டிக்காரி. ஆனால் வெளியே யார் எது கேட்டாலும், "டாக்டர் வந்து சொல்லுவாரு" என்று உள்ளே போய்விடுவாள். அன்று அவளுக்கு மனைவி வேஷம். எதிரில் செவிலியராக நின்றவள் அதே பதிலைச் சொன்னதும், இவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கப்பா ஆஸ்பத்திரில இருந்தப்பவும் இதையேதான் சொன்னாங்க மேடம். நாங்க கஞ்சி வச்சிக்கிட்டு வெளியவே உக்காந்திருந்தோம். அவரு போயிட்டாருன்னு பெருக்குறவங்க சொல்லித்தான் தெரிஞ்சிது."

மேலே நடிக்கச் சொல்லி நான் அவளை வற்புறுத்தவில்லை. மறுநாள் அவளாகவே வந்து, "இன்னிக்கு நான் சிஸ்டரா இருக்கேன்" என்றாள்.

சில வாரங்கள் கழித்து, புவனகிரிப் பக்கத்து விவசாயி ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டதென்று கொண்டுவந்தார்கள். விஷம் ஏறி இமையைக்கூடத் தூக்க முடியாமல் வென்டிலேட்டரில் கிடந்தார். மூன்றாம் நாள் அவர் மனைவியின் அண்ணன் கதவருகே கத்தினார்.

"உசுரு எப்பவோ போயிடுச்சி. மிஷின வச்சி ஏமாத்துறீங்க. எங்க மச்சான குடுங்க, ஊட்டுக்குக் கொண்டுபோறோம்!"

நான் டாக்டருக்குப் போன் செய்வதற்குள் மேல்பட்டாம்பாக்கத்துப் பெண் வெளியே போயிருந்தாள். மனைவியை பெஞ்சில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரு. விஷத்தால கை காலு, கண்ணு எமை எதையும் தூக்க முடியல. மூச்சு விடத்தான் மிஷின். ஆனா நாம பேசறது அவருக்குக் கேக்கும். உள்ள வாங்க. வாயில குழா இருக்கும், மூஞ்சி வீங்கியிருக்கும், பயப்படாதீங்க."

"பொழச்சிடுவாரா சிஸ்டர்?"

"உறுதியா சொல்ல முடியலக்கா. இப்படி வந்தவங்க நெறைய பேரு எழுந்து நடந்து போயிருக்காங்க."

அண்ணனும் தங்கையும் உள்ளே வந்தார்கள். மனைவி அவர் காதருகே குனிந்தாள்.

"என்னாங்க, நான்தான். மாடு கன்னு போட்டுடுச்சி."

செவிலிப் பெண் அவர் இமையை விரலால் தூக்கிப் பிடித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "கால அசைங்கண்ணே" என்றாள். கட்டைவிரல் லேசாக அசைந்தது. அண்ணன்காரர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த வாரம் அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். தொண்டை கரகரத்தது.

"எல்லாம் கேட்டுதும்மா. இவன் என்னத் தூக்கிட்டுப் போறேன்னு கத்துனதும் கேட்டுது. வேணாம்டான்னு சொல்ல வாய்தான் வரல."

அண்ணன்காரர் தலை குனிந்தார். நோயாளியே சிரித்து அவர் தோளைத் தட்டினார்.

அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த செவிலியர்களுக்கு வகுப்பெடுக்க மேல்பட்டாம்பாக்கத்துப் பெண்ணையே அனுப்பினேன். "எனக்கு அவ்வளவு பேச வராதே மேடம்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.