மீசையில்லாமல் கல்யாண வீட்டுக்குப் போனேன்

எழுபதுகளின் நடுவில், மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நடந்தது இது. அங்கே ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் இடத்தில் எனக்கு வேலை. என் மனைவி கொழுந்து எடுக்கப் போவாள். இரண்டு வயதில் ஒரு மகள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு அறை, ஒரு அடுப்படி. அதற்குள் நாங்கள் மூன்று பேரும் என் அப்பாவும். இது போக எனக்கு இன்னொரு குடித்தனமும் இருந்தது. அது நாடகம்.

எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் எஸ்டேட் ஆட்களே நாடகம் போடுவோம். ஆபீஸ் கிளார்க் ஒருவர் எழுதிக் கொடுப்பார். அவரே வாத்தியாராக இருந்து சொல்லியும் கொடுப்பார். பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்ட வேண்டும். எந்த வீட்டிலும் பெண்களை மேடையேற விட மாட்டார்கள். நான் ஆறு வருஷமாகக் காவலாளி, தூதன், கூட்டத்தில் ஒருவன் என்று ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அந்த வருஷம், வழக்கமாக ராணி வேஷம் கட்டுகிறவர் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். வாத்தியார் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கு ஒரு தடவை ஒரு வசனத்தைச் சொல்லச் சொன்னார். மகனைப் பறிகொடுத்த ராணி சபையில் நின்று நியாயம் கேட்கிற இடம். நான் சொல்லி முடித்ததும் அவர் நாடக நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்கு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

அதற்கப்புறம் நான் மனுஷனாகவே இல்லை. வேலை முடிந்ததும் நேரே ஒத்திகைக்கு ஓடினேன். தண்ணீர் பிடிப்பது, விறகு சுமப்பது, பிள்ளையைக் கூட்டி வருவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. அவளோ நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவள். ஆனாலும் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே வசனம் சொல்லும்போது தடுமாறினால், அடுப்படியிலிருந்து அடுத்த வரியை அவள் எடுத்துக் கொடுப்பாள். கேட்டுக் கேட்டே அவளுக்கு ராணியின் வசனம் முழுக்க மனப்பாடம்.

ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். அவளுடைய தம்பிக்குப் புதன்கிழமை கல்யாணம், எங்கள் நாடகம் அதே வாரம் சனிக்கிழமை. ராணி வேஷத்துக்கு மீசையை எடுத்தே ஆக வேண்டும். அதைக் கல்யாணம் முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும். சரி என்று அவள் கையில் அடித்துச் சொன்னேன்.

அவள் சொன்னதில் அர்த்தம் உண்டு. எங்கள் ஆட்களில் ஒருவன் மீசையை மழிப்பது தகப்பன் செத்தால்தான். கல்யாணத்திலோ அக்கா புருஷனுக்குப் பெரிய மரியாதை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது அவன்தான். அக்காக்காரி பின்னால் நின்று தாலியில் முடிச்சுப் போடுவாள்.

கல்யாண வேலைக்கு ஆள் வேண்டுமென்று மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போடியிலிருந்து மேக்கப்காரர் வந்தார். சனிக்கிழமை பத்துப் பேருக்கு வேஷம் போட வேண்டும், நேரம் இருக்காது, முக்கியமான வேஷத்தை இன்றைக்கே போட்டுப் பார்த்துவிடுவோம் என்றார். நாளைக்கு மச்சினன் கல்யாணம் என்று நான் சொன்னேன். சொன்னேனே ஒழிய, உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் பாட்டுக்குச் சோப்பைக் குழைத்தார். பட்டுச் சேலை, சவுரி முடி, கிரீடம் எல்லாம் ஆன பிறகு கண்ணாடியைக் காட்டினார். அதில் நான் இல்லை, ராணிதான் இருந்தாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பெண்டாட்டி ஞாபகமும் இல்லை, கல்யாண ஞாபகமும் இல்லை. வாத்தியார் எழுந்து நின்று கும்பிட்டார். அந்தப் பூரிப்பிலேயே வீட்டுக்கு வந்தேன். அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "எனக்குச் செய்ய வேண்டியதை முன்னாலயே செஞ்சிட்டியாலே" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் விடிந்தால் கல்யாணம் என்பது உறைத்தது.

விடிந்ததும் நானும் அப்பாவும் பஸ் ஏறினோம். மச்சினன் வீடு நாலைந்து எஸ்டேட் தள்ளி இருந்தது. இறங்கும்போது சாரல். அப்பாவுக்கு டீ குடிக்காமல் மேடு ஏற முடியாது, கடையில் உட்கார்ந்துவிட்டார். முகூர்த்தத்துக்கு நேரமாகிறதே என்று நான் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தேன். முதல் நாள் போட்ட கண் மையை எண்ணெய் விட்டுத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்ததில் கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

பந்தலில் என் மாமியார்தான் முதலில் என்னைப் பார்த்தார். மீசை இல்லை, தலையில் துண்டு, சிவந்த கண், கூட வர வேண்டிய என் அப்பாவும் இல்லை. அவர் இதற்கு மேல் ஒன்றும் விசாரிக்கவில்லை. கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ என் சம்மந்தி போயிட்டாகளே" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இல்லை அத்தை, இல்லை அத்தை என்று நான் சொல்வதை யார் கேட்டார்கள்? நாலு பெண்கள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்தினார்கள். என் மாமனார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். அவள் அழவில்லை. என் மேல் உதட்டைப் பார்த்தாள், என் கண்ணைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பார்வையில் நான் கூனிக் குறுகிப் போனேன்.

அதற்குள் அப்பா டீயைக் குடித்துவிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வந்து சேர்ந்தார். கல்யாண வீட்டில் ஒப்பாரி கேட்கவும் பதறிப்போய், யாரு செத்தது என்று என் மாமியாரிடமே விசாரித்தார். மாமியார் அவரை நிமிர்ந்து பார்த்ததும் அழுகை பாதியில் நின்றது. சிறுசுகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள்.

பெரியவர்கள் சிரிக்கவில்லை. மணப்பெண்ணின் பெரியப்பா கொஞ்சம் கறாரான ஆள். முகூர்த்த நாளில் பந்தலில் ஒப்பாரி கேட்டுவிட்டது, அதுவே அபசகுனம். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே மீசையை எடுத்தவன் மாப்பிள்ளை கையைத் தொடக் கூடாது, வேறு யாராவது அழைத்து வரட்டும் என்றார். நாடகத்துக்காக எடுத்தேன் என்றேன். அது இன்னும் மோசமாகப் போனது. "பொம்பளை வேஷம் கட்டுறவனா?" என்று கேட்டு ஒரு மாதிரி பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தர்கூட எனக்காகப் பேசவில்லை. தப்பு என் மேல்தானே. ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் முன்னால் வந்தாள். அதுவரை அவள் பெரியவர்களுக்கு நடுவில் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை, நிதானமாகத்தான் பேசினாள்.

"சாமிக்கு முடி எறக்குனா ஒத்துக்கிடுதீக. இதுவும் ஆத்தா கோயில் நாடகத்துக்கு எறக்குனதுதான். ராணி வேஷத்த எல்லாருக்கும் குடுத்துர மாட்டாக. ஆறு வருசம் ஈட்டியப் புடிச்சிட்டு நின்னு வாங்குனது. அவுக கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னா, நானும் முடிச்சுப் போடலை. வேற ஆளப் பாத்துக்கங்க."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடப்பிறந்த அக்கா இருக்கும்போது வேறொருத்தி முடிச்சுப் போட்டால் ஊர் என்ன பேசும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே தம்பியின் கல்யாணம் அது. அந்த முடிச்சுப் போடுவதற்காக அவள் மாசக்கணக்கில் ஆசையாகக் காத்திருந்தாள். அதை எனக்காக விட்டுவிடத் தயாராக நின்றாள். அதுவும் நான் அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறிய மறுநாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

என் அப்பா தொண்டையைச் செருமினார். "செத்ததாச் சொன்னது என்னயத்தான். எனக்கே வருத்தம் இல்ல, உங்களுக்கு என்ன?" என்றார். அதற்குள் மச்சினனே மாலையோடு எழுந்து வந்து என் முன்னால் கையை நீட்டிவிட்டான். பெரியப்பா வழிவிட்டு ஒதுங்கினார். அவன் கையைப் பிடித்து மணவறைக்கு நான்தான் கூட்டிப் போனேன். அவள் முடிச்சுப் போட்டாள்.

கல்யாணம் முடிந்து திரும்பும் பஸ்ஸில் அவள் என்னோடு பேசவே இல்லை. பிள்ளை அவள் மடியில் தூங்கிவிட்டது. எங்கள் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வேசம் கட்டுனது தப்பில்ல. எங்கிட்டச் சொன்ன சொல்ல விட்டீகளே, அது தப்பு." ஊர் முன்னால் எனக்காக அப்படிப் பேசியவள், தனியாக இருக்கும்போது என்னை விட்டுவிடவும் இல்லை. அந்த இரண்டும் சேர்ந்துதான் என்னை உலுக்கின.

சனிக்கிழமை மேக்கப்காரர் எனக்குச் சேலை கட்ட வந்தபோது, கொசுவம் சரியில்லை என்று அவரை நகரச் சொல்லிவிட்டு அவளே கட்டிவிட்டாள். மாமனார், மாமியார், புதுப்பெண், மாப்பிள்ளை எல்லோரும் வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் சபையில் நியாயம் கேட்ட இடத்தில் மாமியார் அந்த வாரத்தில் இரண்டாவது தடவையாக அழுதார். இந்தத் தடவை அதில் எனக்குப் பெருமைதான். பெண்ணின் பெரியப்பாவும் வந்திருந்தார். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, ஒரு சோடாவை உடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பல வருஷம் ராணியாக நின்றேன். ஒவ்வொரு தடவையும் அவளிடம் கேட்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் என் முகத்தில் கத்தி பட்டது. ஒத்திகை இல்லாத நாளில் தண்ணீர்க் குடம் என் தோளுக்கு வந்தது. பக்கத்து எஸ்டேட்டுகளிலெல்லாம் என்னை ராணி என்றே கூப்பிட்டார்கள், கைதட்டலுக்கும் குறைவில்லை. ஆனால் யாராவது என் நாடகப் பெருமையைச் சொல்லச் சொன்னால், நான் தலைகுனிந்து நின்ற ஒரு கல்யாணப் பந்தலில் எனக்காகத் தலைநிமிர்ந்து பேசியவளைப் பற்றித்தான் இன்றைக்கும் முதலில் சொல்கிறேன்.