அடித்தால் ஓடும் ஜீப்

ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் லூர்துராஜ் அண்ணன் கையால் அடி வாங்காதவர்கள் என்று பார்த்தால் நாலைந்து பேர்தான் தேறுவோம். அதில் நானும் ஒருவன். என் சாமர்த்தியம் என்று நினைக்க வேண்டாம். என் வண்டி அவர் வண்டிக்கு எதிரே நிற்கும். அவர் வேட்டியை மடித்துக் கட்டுவதைப் பார்த்ததுமே நான் டீக்கடைக்குள் போய்விடுவேன்.

அண்ணன் எஸ்டேட்டில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவர்களிடம் உதை வாங்கி வண்டி ஓட்டக் கற்றவர். அந்த எஸ்டேட் கழித்துப் போட்ட ஜீப்பையே வாங்கி ஓனர் ஆனார். அதில் இல்லாத கோளாறு இல்லை. சாவியைத் திருப்பினால் சில நாள் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. அண்ணன் பானெட்டைத் தூக்கி, ஸ்டார்ட்டர் மோட்டார் மண்டையில் ஸ்பேனரால் ஓங்கி ஒரு போடு போடுவார். உடனே வண்டி உறுமும். இறக்கத்தில் ஃபோர் வீல் கியர் எகிறினால் ஓர் உதை விடுவார். அதுவும் போய் உட்காரும். இதுதான் அவரைக் கெடுத்தது என்பேன். இரும்பு அடிக்கு அடங்குவதைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களும் அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

கிளட்ச் பிளேட்டைச் சரியாகப் பொருத்தவில்லை என்று மெக்கானிக் அங்கப்பனின் முன்பல்லை உடைத்தார். அண்ணன் மனைவி ஜெயகுமாரி அக்கா ஞாயிற்றுக்கிழமை முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போனால், ஏன் என்று ஊருக்கே தெரியும். ஊர் வாயைத் திறக்காது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லோரையும்விட அதிகம் வாங்கியவன் தம்பி ஆசிர். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அண்ணன்தான். சோறு போட்டதும் அந்தக் கை, தோலை உரித்ததும் அந்தக் கை. கல்யாணமாகி, மனைவி முழுகாமல் இருக்கும் இந்த வயதிலும் அண்ணன் குரல் கேட்டால் ஆசிரின் தோள் தானாகக் குறுகும். அண்ணன் வண்டியைத்தான் அவனும் மாற்றி மாற்றி ஓட்டினான்.

எங்கள் ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. பழைய ஜீப்பைச் சொந்தத் தம்பிக்கே கொடுத்தாலும், அன்றைக்கு அதற்கு என்ன நோவு என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். காரணம், நாங்கள் வண்டியை ஒட்டுப்போட்டே ஓட்டுகிறவர்கள். ஒரு சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகினால் அதற்குப் போகும் குழாயை மடித்துச் சுத்தியலால் நசுக்கி அடைத்துவிடுவோம். சேலத்திலிருந்து பார்ட்ஸ் வரும்வரை மூன்று சக்கரப் பிரேக்கில் ஓடும். தெரிந்தவன் கையில் அது வண்டி, தெரியாதவன் கையில் எமன்.

போன மிளகுப் பறிப்பின்போது ஒரு சாயங்காலம் அண்ணன் முன்பக்க இடது சக்கரத்தின் குழாயை அப்படி நசுக்கிவிட்டார். இனி பிரேக்கை அழுத்தி மிதித்தால் வண்டி வலது பக்கம் இழுக்கும். மாரமங்கலம் இறக்கத்தில் பள்ளம் இருப்பதும் வலது பக்கம்தான். ஃபோர் வீல் போட்டு முதல் கியரில் ஊர்ந்தால் பயமில்லை.

மறுநாள் காலை ஆசிர், பறிக்கிற பெண்களை மாரமங்கலம் கூட்டிப்போக வந்தான். வந்தவன் சும்மா இருக்காமல், இந்தச் சனியனை இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான். அண்ணன் கையில் பழைய ஃபேன் பெல்ட் இருந்தது. அதாலேயே கழுத்தில் ஒன்று விட்டார். அடுத்தது காதில் விழுந்தது. ஆசிர் அன்றைக்குத்தான் முதல்முறை திருப்பி அடித்தான். அண்ணன் உதடு கிழிந்தது. அவ்வளவுதான், மனிதருக்கு வெறி பிடித்துவிட்டது. தம்பியைத் தரையில் தள்ளி மிதித்தார். அவன் போனைப் பிடுங்கிக் கல்லில் அறைந்தார். நாங்கள் பிடித்து இழுப்பதற்குள் ஆசிரின் சட்டையெல்லாம் ரத்தம். அண்ணன் சாவியை அவன் முகத்தில் விட்டெறிந்தார்.

“எடுத்துட்டுப் போ. எங்கியாவது உழுந்து சாவு.”

ஆசிர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். பின்னால் மிளகு பறிக்கப் போகும் பழனியம்மாளும் மற்ற பெண்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன் டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். “கந்தசாமி, பிரேக்கு அடச்சத அவன்கிட்டச் சொல்லலீங்க” என்றார் என்னிடம். நான் அவரை ஏற்றிக்கொண்டு என் ஜீப்பைக் கிளப்பினேன். பெண்கள் யாரிடமாவது போன் இருக்கலாம். ஆனால் ஊரைத் தாண்டினால் அந்தப் பக்கம் டவர் கிடையாது.

இறக்கம் தொடங்கும் இடத்தில் அவர்களைக் கண்டோம். நான் ஹாரனை விடாமல் அடித்தேன். அண்ணன் பாதி உடம்பை வெளியே நீட்டி, கையை ஆட்டிக் கத்தினார். ஆசிர் கண்ணாடியில் பார்த்திருப்பான். வண்டி வேகமெடுத்தது. நாங்கள் நெருங்க நெருங்க அவன் இன்னும் வேகமாகப் போனான். பெண்களின் அலறல் எங்கள் வரைக்கும் கேட்டது.

“ஏனுங்கண்ணா, நீங்க அடிக்க வர்றீங்கன்னுதான் அவன் ஓடறான்” என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். வண்டியை நிறுத்தச் சொல்லி, நிற்பதற்குள் குதித்தார். நீங்கள் மட்டும் போங்கள் என்று கையைக் காட்டினார். நான் அடுத்த வளைவைத் திரும்புவதற்குள் அந்தச் சத்தம் வந்துவிட்டது.

பிரேக்கை மிதித்திருக்கிறான். வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்ததும் ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்திருக்கிறான். ஜீப் மண்மேட்டில் மோதிப் பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்தது. பழனியம்மாளின் கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. மற்றவர்கள் காப்பிச் செடிகளுக்கு நடுவே விழுந்து முனகினார்கள். ஆசிரின் இடது கால் வண்டிக்கு அடியில் மாட்டியிருந்தது. டீசல் அவன் சட்டைமேல் சொட்டிக்கொண்டிருந்தது. நினைவு இருந்தது.

லூர்துராஜ் அண்ணன் ஓடிவந்து அவன்மேல் குனிந்து, தலையைத் தாங்குவதற்குக் கையை நீட்டினார். ஆசிர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

“அடிக்காதீங்கண்ணா. இனிமே பேசமாட்டனுங்க.”

நீட்டிய கையோடு அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அவன் கண்ணில் படாதபடி வண்டியின் மறுபக்கம் போனார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

“கந்தசாமி, அவன நீங்க தூக்குங்க. நான் தொட்டா நொம்பப் பயப்படறான்.”

அவர் ஜீப்புக்குத் தோள் கொடுத்து நெம்பினார். நான் ஆசிரை வெளியே இழுத்தேன்.