கரிசல் ஒட்டாத சட்டை

ஹாக்கி சீசனின் சிறந்த புதுமுகம் யாரென்று டிவியில் கோட்டுப் போட்ட நால்வர் கத்திக்கொண்டிருந்தார்கள். பந்து மட்டையில் பட்ட சத்தம் என்னைப் பழைய கோவில்பட்டி மைதானத்துக்கு இழுத்துப்போனது.

மழையில் ஊறிய கரிசலில் அன்று இறுதியாட்டம். அண்ணன் விழுந்து புரண்டு மூன்று கோல் போட்டான். புதுமுகக் கோப்பைக்கு ஆள் தேர்ந்தெடுத்த பெரியப்பாவோ மட்டையைத் தொட்டே அறியாதவர். வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஆட்டம் முழுக்க ஓரமாக நின்ற ஒருவனைக் காட்டினார்.

"சட்டையப் பாருங்க அண்ணாச்சி, ஒரு பொட்டு கரிசல் ஒட்டல. சுத்தமான ஆட்டம்!"

கமிட்டி மொத்தமும் தலையாட்டியது. கோப்பை அவனுக்கே போனது.

டிவி நால்வரும் ஒருவழியாக ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். சீசன் முழுக்க ஒரு கோல்கூடப் போடாதவன். "முடிகூடக் கலையல, என்ன ஸ்டைல்!" என்று வியந்தார்கள்.

பக்கத்திலிருந்த அண்ணன் முகத்தைச் சுளித்தான்.

"அமத்துலே அந்த டிவிய. பெரியப்பா செத்துப்போனாவன்னுல்லா நெனச்சேன்."