அக்காவின் கல்யாண அரிசி

பாப்பாரப்பட்டியிலிருந்து மாட்டுவண்டியில் அரிசி மூட்டைகள் வந்து இறங்கியபோது, அக்கா கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துச் சிரித்தாள். எழுபதுகளின் நடுவில், மழை பொய்த்த வருஷம் அது. ராகிக் களியே பல வீடுகளில் ஒரு வேளைக்குத்தான் என்றிருந்த காலத்தில், அரிசியும் துவரம்பருப்பும் வெல்லமும் பூசணிக்காயுமாக எங்கள் நடுவீடு நிறைந்து போனது. கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. வாசலில் பச்சைக் கீற்றுப் பந்தல். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் வீட்டுக்குள் போகாமல் அந்த நிழலிலேயே கிடப்பேன்.

மாப்பிள்ளை பாலக்கோட்டுப் பக்கம். வற்றிப்போன கிணற்றை ஆழப்படுத்தப் பாறையில் வெடி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று வெடிக்கவில்லை. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, அணைந்து போயிருக்கும் என்று அவரே இறங்கியிருக்கிறார். சேதி கொண்டுவந்தவர் பந்தலுக்குள் நுழையத் தயங்கி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அப்பா அங்கே போய்க் கேட்டவர், கேட்ட இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அழவில்லை. பெண் பார்க்க வந்த அன்று ஒரே ஒருமுறை பார்த்த முகம். அதற்காக எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லையோ என்னவோ.

அதன்பிறகு மூட்டைகளை யாரும் தொடவில்லை. மளிகைக்கடை பாய் தாமாகவே வண்டி கட்டிக்கொண்டு வந்தார். “சாமானெல்லாம் நானே திருப்பி எடுத்துக்கறேனுங்க. உங்க கண்ணு முன்னால கெடக்க வேணாம்” என்றார். அப்பா தலையாட்டினார். உள்ளேயிருந்து அக்கா வந்தாள். சாவுச்சேதி வந்தபிறகு அவள் வாய் திறந்து நான் கேட்டது அன்றுதான்.

“வேணாங்க பாய். உங்க கடைக்குப் போனா இன்னொரு கல்யாண வூட்டுக்குத்தான் போவும். அந்தப் பொண்ணுக்கு எதுக்குங்க இது? பசிச்சவங்க தின்னட்டும்.”

பாய் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டி வெறுமனே திரும்பிப் போனது.

விருந்துக்கென்று வாங்கிய அண்டாவில் மறுநாளே கஞ்சி கொதித்தது. அக்காவே அடுப்பு மூட்டினாள், அக்காவே ஊற்றினாள். பொங்கலுக்கு மட்டுமே அரிசியைப் பார்த்திருந்த பிள்ளைகள், பருப்பும் பூசணியும் குழைந்த அந்தக் கஞ்சியை ஊதி ஆறவைக்கக்கூடப் பொறுமையில்லாமல் குடித்தார்கள். வெல்லம், பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவர்களுக்குப் போனது. பந்தலைப் பிரித்து, கூரை இற்றுப்போன குடிசைகளுக்குக் கீற்றைக் கொடுத்தாள். “நல்லா இருப்ப ஆத்தா” என்று சொல்லாமல் ஒருவரும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அத்தனை வாழ்த்தும் எங்கே போயிற்று என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன்.

எல்லாம் தீர்ந்தபின் மிஞ்சியது கூறைச்சேலை மட்டும். அரக்குப் பட்டு. அந்த வருஷம் ஐப்பசியில் கொஞ்சம் மழை விழுந்ததும், தினமும் கஞ்சிக்கு வந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தாள். பெண்ணுக்கு ஒரு நூல்சேலைக்கே வழியில்லை என்று கேள்விப்பட்டு அக்கா அந்தப் பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். அந்த அம்மாள் சேலையைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கஞ்சி வேற ஆத்தா, வவுறு எதையும் பாக்காது. இது எம் பொண்ணு கட்டி மணையில உக்காரப் போறது.”

கெட்டவள் இல்லை. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “சரிங்கம்மா” என்று அக்கா திரும்பி நடந்தாள். பாதி வழியில், “ரெண்டும் ஒரே கல்யாணத்துக்கு வாங்குனதுதானே” என்றாள்.

அதன்பின் அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள் ஊருக்குள் விசாரித்துவிட்டு அப்படியே பஸ் ஏறினார்கள். ஊர் பொய் சொல்லவில்லை. கல்யாண அரிசி கஞ்சியாய்ப் போன வீடு என்று நடந்ததைத்தான் சொன்னது. சோறு போட்ட கையை நினைத்திருக்கும் என்று நம்பிய அப்பா, அதன்பிறகு கடைவீதிப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் காலையில் அக்கா அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு கடலைக்காட்டுக்குக் களையெடுக்கக் கிளம்பினாள். அம்மா ஓடிப்போய் முந்தானையைப் பிடித்தாள்.

“வுடும்மா. வேற யாரு கட்டுவா இதெ?”

அம்மாவின் கை தானாக விட்டது. வெயிலில் குனிந்த முதுகுகளுக்கிடையே அரக்குப் பட்டு மட்டும் தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் களையெடுத்தவர்கள் யாரும் நிமிரவில்லை. ஆமணக்குக் கட்டையில் மாட்டிச் சரிகை கிழிந்தது. கிழிந்த இடத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டு அக்கா வேலையைப் பார்த்தாள். நைந்து நாராகும்வரை அதைக் கட்டினாள்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். இப்போது தருமபுரி மண்டபங்களில் மிஞ்சிய சோற்றை வேனில் ஏற்றி அனாதை இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். மைக்கில் சொல்லிப் பாராட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் என்னால் அங்கே உட்கார முடிவதில்லை. அன்று கஞ்சி குடித்துப் பிழைத்த பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டு நல்லது எதற்கும் அக்காவை ஒருவரும் கூப்பிட்டதில்லை. கடைசிவரை தனியாகவே இருந்தாள். ஊரில் எந்தத் தெருவில் கல்யாணம் என்றாலும், கடைக்குப் போகக்கூட அந்த வழியை விட்டுவிட்டு ஏரிக்கரையோடு சுற்றிக்கொண்டு போவாள், யாரும் போகச் சொல்லாமலே.