இருபத்தேழாம் டோக்கன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை. கோலார் தங்கவயலில் நான் பாடம் நடத்தும் கல்லூரியைப் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள். ரத்த தானம், கோலப் போட்டி, மாலையில் பரிசளிப்பு என்று ஏக அமர்க்களம். கூட்டம் அள்ளியது என்னவோ, எங்கள் மாணவர்கள் செமினார் ஹாலுக்குள் கட்டியிருந்த சுரங்கத்துக்குத்தான். மூங்கிலும் கறுப்புத் தார்ப்பாயும் வைத்து வளைந்து வளைந்து போகும் இருட்டுப் பாதை. நடுவில் ஒரு கிளைப்பாதை வேறு. நெரிசல் அதிகமானதும் அதைத் துணி போட்டு மறைத்துவிட்டோம். எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வாசலில் எங்கள் அட்டெண்டர் அம்மாவை நிறுத்தியிருந்தேன். அவருக்கும் என் வயதுதான். கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால், கேன்டீனில் சும்மா கிடந்த, நம்பர் போட்ட பிளாஸ்டிக் டோக்கன்களை அள்ளிவந்து, உள்ளே போகிறவர் கையில் ஆளுக்கொன்று கொடுத்து, வெளியே வரும்போது வாங்கி வரிசையாக ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். வரிசை நகரவே இல்லை. இதென்ன புது வம்பு என்று கேட்டேன்.

"எங்கப்பா ஷாஃப்டுல எறங்கறப்ப டோக்கன் எடுத்துகினுதான் சார் போவாரு. மேல வந்து அத்தத் திருப்பிக் குடுத்தாத்தான் ஆளு வந்துட்டாருன்னு அர்த்தம். சொரங்கம்னு போர்டு மாட்டிட்டு டோக்கன் இல்லன்னா எப்படி?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். இங்கே பாதி வீடுகளில் யாராவது ஒருவர் சுரங்கத்தில் இறங்கியவர்தானே. நான் மட்டும் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்குப் பரிசளிப்பு. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று பிரின்சிபால் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மாணவர்கள் உள்ளே ஒரு சுற்று போய்வந்து, காலி என்றார்கள். விளக்கை அணைத்துப் பூட்டச் சொன்னேன். அந்த அம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றார்.

"ஒரு ஆணி காலியா கீது சார். இருவத்தேழு வர்ல."

"யாராவது பாக்கெட்ல போட்டுக்கினு போயிருப்பாங்கம்மா. சாவியக் குடுங்க."

"இருக்கலாம். ஆனா டோக்கன் வராம நா பூட்ட மாட்டேன். நீங்க விழாவுக்குப் போங்க."

கத்திவிட்டேன். மாணவர்கள் முன்னால், வாய்க்கு வந்தபடி. ஒரு பிளாஸ்டிக் வில்லைக்காக விழாவையே கெடுக்கிறீர்கள், திங்கட்கிழமை மெமோ வரும் என்றெல்லாம் சொன்னேன். அவர் போனில் வெளிச்சம் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். அவரைச் சீக்கிரம் வெளியே கூட்டிவரலாம் என்றுதான் நானும் பின்னால் போனேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் கிடையாது.

மறைத்திருந்த துணியை விலக்கிப் பார்த்தார். கிளைப்பாதையின் கோடியில் ஒரு பெண்மணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். உடம்பெல்லாம் வியர்வை. கூப்பிட்டால் உளறல்தான் வந்தது. மூடிய கைக்குள் இருபத்தேழு. அட்டெண்டர் அம்மா அந்தப் பெண்மணியின் கைப்பையைத் துழாவி, சர்க்கரை வியாதி மாத்திரையைப் பார்த்ததும், சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று புரிந்துகொண்டு, குளுக்கோஸ் கரைத்துவரச் சொல்லி, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துப் புகட்டினார். கொஞ்ச நேரத்தில் கண்ணில் தெளிவு வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

மகள் போட்ட கோலத்தைப் பார்க்க, அவளிடம்கூடச் சொல்லாமல், சாப்பிடாமல் கொள்ளாமல் இதே ஊரின் கோரமண்டல் பகுதியிலிருந்து தனியாக வந்தவராம். தலை சுற்றியதும் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் துணியைப் போட்டு மறைத்தது அதன் பிறகுதான். மறுநாள் ஞாயிறு. பூட்டியிருந்தால் அந்த ஹாலைத் திங்கட்கிழமைதான் திறந்திருப்போம்.

இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உயிரே வந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். அப்புறம் அட்டெண்டர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த வுடுங்க சார். டோக்கனக் குடுங்க" என்று கையை நீட்டினார்.

தடவிப் பார்த்தால், பதற்றத்தில் வாங்கிய இருபத்தேழு என் சட்டைப் பாக்கெட்டில்தான் இருந்தது.

இப்போதும் எந்த அறையைப் பூட்டினாலும் உள்ளே ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். அன்றைக்கு அந்தச் சாவி என் கையில் இல்லாமல் போனதை நினைத்தால் இன்றும் நெஞ்சு லேசாகிவிடுகிறது.